திறக்காத மென்பொருள் தேவையற்ற மென்பொருளா?

விண்டோஸ் கணினியின் செட்டிங்ஸுக்குள் போய் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் திறந்தால், இவ்வளவையும் நாமா போட்டு வைத்தோம் என்று மலைப்பாக இருக்கும். நாலைந்து ஆண்டு ஓடிய கணினி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கலாம், அளவுவாரியாக அடுக்கலாம், நிறுவிய தேதிவாரியாகவும் அடுக்கலாம். எதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்று அடுக்க மட்டும் வழியில்லை. வேண்டாததைக் களையலாம் என்று உட்காருபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதானே?

நம்மைப் பற்றி இத்தனை விவரம் சேர்த்து வைக்கும் கணினிக்கு இது மட்டும் தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சொல்லப்போனால், ஒரு காலத்தில் விண்டோஸ் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. விண்டோஸ் 2000-இலும் அடுத்து வந்த எக்ஸ்பியிலும் 'ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ்' என்ற பகுதி இருந்தது. அங்கே ஒரு மென்பொருளின் பெயரைச் சொடுக்கினால் மூன்று தகவல்கள் தெரியும்: அதன் அளவு, கடைசியாகப் பயன்படுத்திய தேதி, எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்ற மதிப்பீடு. அரிதாக, அவ்வப்போது, அடிக்கடி என்று மூன்றே தரங்கள். பக்கத்திலேயே நீக்குவதற்கான பொத்தான்.

பார்க்கக் கச்சிதமாக இருந்த அந்த ஏற்பாட்டில் ஒரு குறை. அது சொன்னது பல நேரங்களில் தவறு. தினமும் திறக்கும் மென்பொருளை 'அரிதாக' என்று காட்டும். மறந்தே போன ஒன்றுக்கு 'அடிக்கடி' என்று சான்றிதழ் தரும். 2007-இல் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தபோது அந்தப் பகுதியே வேறு பெயரில், வேறு வடிவில் வந்தது. கண்ணுக்கு முன்னால் நின்ற அந்த மதிப்பீட்டைக் காணோம்.

ஏன் தவறியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் சிக்கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீக்கல் பட்டியலில் இருக்கும் ஒரு வரி என்பது ஒரு பதிவு, அவ்வளவே. மென்பொருளை நிறுவும்போது அதன் நிறுவி, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது: என் பெயர் இது, பதிப்பு எண் இது, தயாரித்தவர் இவர், என்னை நீக்க வேண்டுமானால் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள். அந்தக் குறிப்பில், நான் பயன்படுகிறேனா என்பதை அறிய இந்த இயக்கக் கோப்பைக் கவனியுங்கள் என்று எழுதும் கட்டாயம் எதுவும் இல்லை. ஆக, பட்டியலில் உள்ள வரிக்கும் நாம் சொடுக்கித் திறக்கும் கோப்புக்கும் இடையே உறுதியான தொடர்பு கிடையாது. விண்டோஸ் அதை ஊகித்தது. ஸ்டார்ட் மெனுவில் உள்ள குறுக்குவழிகளின் பெயரையும் பட்டியலில் உள்ள பெயரையும் ஒப்பிட்டு, இது அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியது.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நீக்கல் பட்டியலில் அது ஒரே வரி. உள்ளே வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், சில பதிப்புகளில் ஆக்சஸ். வேர்டைத் தினமும் திறப்பவர் ஆக்சஸை வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டார். இந்த ஒரு வரிக்கு எந்தத் தரத்தைக் கொடுப்பது? அடுத்த சங்கடம், வேர்டை ஸ்டார்ட் மெனுவிலிருந்துதான் திறக்க வேண்டும் என்றில்லை. மின்னஞ்சலில் வந்த கோப்பை இரண்டு முறை சொடுக்கினாலும் அதுவே திறக்கிறது. அச்சுப்பொறியின் டிரைவருக்கோ திறப்பதற்கென்று ஒரு சின்னமே கிடையாது. நாம் அச்சடிக்கும்போது அது பின்னால் வேலை பார்க்கும். அதை எந்தக் கணக்கில் வைப்பது?

விஸ்டாவில் அந்த மதிப்பீட்டை எடுத்தது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. நீக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தவறான யோசனை சொல்வதைவிட வாயை மூடிக்கொண்டு இருப்பது மேல்.

ஆனால் மதிப்பீட்டை எடுத்துவிட்டார்களே தவிர, தடயங்களை எடுத்துவிடவில்லை. விண்டோஸ் தன் வசதிக்காக வெவ்வேறு இடங்களில் குறித்து வைக்கும் செய்திகள் இருக்கின்றன. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வது போன்ற வேலை இது. பெரும்பாலும் சரியாக வரும், சில நேரம் ஏமாற்றும்.

முதல் தடயம், ரெஜிஸ்ட்ரியில் 'யூசர் அசிஸ்ட்' என்ற பகுதி. ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் போன்ற இடங்களிலிருந்து நாம் எதைத் திறந்தோம், எத்தனை முறை திறந்தோம், கடைசியாக எப்போது என்பதை விண்டோஸ் அங்கே எழுதி வைக்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பெயர்களெல்லாம் உளறலாக இருக்கும். காரணம், ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருக்கிறார்கள்: 'ஏ'க்குப் பதில் 'என்', 'பி'க்குப் பதில் 'ஓ'. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகள் என்பதால், இன்னொரு முறை பதின்மூன்று தள்ளினால் பழைய பெயர் திரும்ப வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ரகசியக் கடிதத்தின் தரத்தில் ஒரு பூட்டு! கணினித் தடயவியல் செய்பவர்கள் இந்தப் பகுதியை விரும்பிப் பார்ப்பார்கள். அது சாட்சி சொல்வது ஒரே ஒரு விஷயத்துக்கு: ஒரு மனிதர் தாமே இதைத் திறந்தார் என்பதற்கு. தானாக ஓடியதும், கட்டளை வரியில் ஓட்டியதும் அதில் வராது.

இரண்டாவது தடயத்தைச் சாதாரணப் பயனரும் எட்டிப் பார்க்கலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'பிரிஃபெட்ச்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும்; திறக்க நிர்வாகி அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். ஒரு மென்பொருள் தொடங்கும்போது முதல் சில நொடிகளில் எந்தெந்தக் கோப்புகளைக் கேட்கிறது என்பதை விண்டோஸ் கவனித்து இங்கே எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை அவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால் சீக்கிரம் திறக்கும் அல்லவா? 2001-இல் எக்ஸ்பியோடு வந்த ஏற்பாடு இது. இதைச் செய்தவர்களின் நோக்கம் வேகம்தான். நமக்கோ அது வருகைப் பதிவேடாகவும் உதவுகிறது.

உள்ளே பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரே அச்சில் இருக்கும். முதலில் பெரிய எழுத்துகளில் இயக்கக் கோப்பின் பெயர், பிறகு ஒரு சிறு கோடு, பிறகு எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறி. அந்தக் குறி, மென்பொருள் எந்த ஃபோல்டரில் இருந்து ஓடியது என்பதிலிருந்து பிறப்பது. அதனால் ஒரே பெயருள்ள இரண்டு மென்பொருள்கள் இரண்டு இடங்களில் இருந்தால் இரண்டு கோப்புகள் தெரியும். கோப்பின் 'டேட் மாடிஃபைட்' தேதியைப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் அந்த மென்பொருள் கடைசியாக ஓடிய நேரம். தேதிவாரியாக அடுக்கினால், இத்தனை நேரம் தேடிய வரிசை ஒருவாறு கிடைத்துவிடும். எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கையும் கோப்புக்குள் இருக்கிறது. அதைப் படிக்க நிர்சாஃப்ட்டின் 'வின்பிரிஃபெட்ச்வியூ' என்ற சிறிய இலவசக் கருவி போதும்.

இதை நம்புவதற்குமுன் சில எச்சரிக்கைகள். இங்கே இருப்பவை இயக்கக் கோப்புகளின் பெயர்கள், கடையில் கேட்டு வாங்கும் பெயர்கள் இல்லை. வேர்டு இங்கே 'வின்வேர்ட்' என்று இருக்கும். பவர்பாயின்ட், உயிரெழுத்துகளை இழந்து 'பவர்பிஎன்டி' என்று நிற்கும். இடமும் அளவோடுதான்: விண்டோஸ் 7 வரை 128 கோப்புகள், விண்டோஸ் 8 முதல் 1024. இடம் நிரம்பினால் பழையது போகும். ஆகவே ஒரு மென்பொருளின் பெயர் இங்கே இருந்தால் அது ஓடியிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்; இல்லையென்றால் ஓடவே இல்லை என்று சொல்ல முடியாது. கணினியை வேகமாக்குகிறேன் என்று யாராவது அந்த ஃபோல்டரைக் காலி செய்திருந்தால் அதோடு சாட்சியமும் போயிற்று.

மூன்றாவது தடயம், ஒவ்வொரு கோப்போடும் ஒட்டியிருக்கும் 'கடைசியாக அணுகிய நேரம்'. பலரும் முதலில் இதைத்தான் தேடிப் போகிறார்கள். மூன்றில் மிக மோசமான சாட்சி இதுதான். கோப்பைப் படிக்கும்போதெல்லாம் வட்டில் ஒரு நேரத்தை எழுதிக்கொண்டிருப்பது வீண் வேலை என்பதால், விஸ்டா முதல் அந்தப் பழக்கத்தை விண்டோஸ் இயல்பாகவே நிறுத்தி வைத்தது; பின்னால் விண்டோஸ் 10-இல் சில சூழல்களில் மட்டும் மீண்டும் தொடங்கியது. அந்த நேரம் எழுதப்பட்டாலும் பயனில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் ஒரு சுற்று படித்துவிட்டு வந்தால், எல்லாமே இன்று காலை பயன்பட்டதாகக் காட்டும்.

லினக்ஸிலும் இதே கதைதான். 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் முதல், அணுகிய நேரத்தை ஒவ்வொரு தடவையும் எழுதாமல், ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும் என்று வைத்துவிட்டார்கள். அந்த மங்கலான தகவலை வைத்தே டெபியன் என்ற லினக்ஸ் வகையின் குழுவினர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்' என்று பெயர். விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களின் கணினியில் எந்தெந்தத் தொகுப்புகள் பயன்படுகின்றன என்று அது கணக்கெடுக்கும். ஒவ்வொரு தொகுப்பையும் நான்கில் ஒன்றாகப் பிரிக்கும்: வழக்கமாகப் பயன்படுவது, நிறுவியிருந்தும் தொடாமல் கிடப்பது, அண்மையில்தான் புதுப்பிக்கப்பட்டதால் இப்போதைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதது, போதிய தகவலே இல்லாதது. நான்கில் இரண்டு, 'எனக்குத் தெரியாது' என்பதன் இரண்டு வடிவங்கள். எக்ஸ்பியின் மூன்று தரங்களில் ஒன்றுகூட அப்படி இல்லை. தெரியாததையும் 'அரிதாக' என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டதே அதன் பிழை.

மேக்கில் நிலைமை பரவாயில்லை. ஃபைண்டரில் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரைப் பட்டியலாக வைத்து 'டேட் லாஸ்ட் ஓபன்டு' என்ற கட்டத்தைச் சேர்த்தால் போதும். கைபேசியில் இன்னும் எளிது. பிளே ஸ்டோரில் நிறுவிய செயலிகளைக் குறைவாகப் பயன்படுத்தியவை என்றே அடுக்கலாம். ஐபோனில் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, பயன்படாத செயலியைத் தானே நீக்கிவிட்டு அதன் தரவை மட்டும் பத்திரப்படுத்தும் வசதி இருக்கிறது. 2020-இன் ஆண்ட்ராய்டு 11, சில மாதங்களாகத் தொடாத செயலியிடமிருந்து கேமரா, மைக், இருப்பிடம் போன்ற அனுமதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

கைபேசிக்கு முடிந்தது விண்டோஸுக்கு ஏன் முடியவில்லை? கைபேசியில் ஒரு செயலி என்பது ஒரே பொட்டலம். ஒரு பெயர், ஒரு சின்னம். நிறுவுவதும் திறப்பதும் நீக்குவதும் இயங்குதளத்தின் கையில். பட்டியலில் உள்ள வரிக்கும் ஓடும் மென்பொருளுக்கும் இடையே ஊகத்துக்கு வேலையே இல்லை. விண்டோஸில் முப்பது ஆண்டுப் பழக்கம் வேறு. நிறுவி எங்கு வேண்டுமானாலும் கோப்புகளை வைக்கலாம், எதை வேண்டுமானாலும் தொடங்கலாம். விண்டோஸ் 11-இன் ஸ்டோரேஜ் பகுதியில் 'கிளீனப் ரெகமண்டேஷன்ஸ்' என்று ஒன்று உண்டு; பயன்படாத செயலிகள் என்று ஒரு பட்டியல் அதில் வரும். பார்க்கலாம், ஆனால் அதை முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, தடயங்களைப் பார்த்தாயிற்று, ஓராண்டாகத் தொடாதவை எவை என்று தெரிந்துவிட்டது. அவற்றையெல்லாம் நீக்கிவிடலாமா? இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கணினி சொல்வது 'ஓடியதா' என்பதை மட்டுமே. 'வேண்டுமா' என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒப்பந்தப்புள்ளி போடும் கான்டிராக்டரிடமோ கேட்டுப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்காக ஒரு டோக்கன் வைத்திருப்பார்கள், பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதற்கென்று ஒரு டிரைவர் கணினியில் இருக்க வேண்டும். அதன் சாளரத்தை யாரும் திறப்பதே இல்லை. ஆனால் கெடு முடியும் நாளில் டோக்கனைச் செருகும்போது அது அங்கே இல்லையென்றால் கையெழுத்து விழாது. தமிழ்த் தட்டச்சுக்காக நாம் வைத்திருக்கும் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவையும் இந்த ரகம்தான். கணினியோடு சேர்ந்து எழுந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிடும். நாள் முழுக்கப் பயன்படுத்துவோம், ஒருநாளும் 'திறக்க' மாட்டோம். யூசர் அசிஸ்ட்டை மட்டும் கேட்டால், இது சோம்பேறி என்று சொல்லிவிடும்.

'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற பெயரில் வரிசையாக நிற்கும் உருப்படிகளை எல்லோரும் பார்த்திருப்போம். 2005, 2008, 2010, 2012, 2013 என்று ஆண்டுவாரியாக, ஒவ்வொன்றிலும் 32 பிட், 64 பிட் என்று இரட்டையாகவும் இருக்கலாம். பழையதெல்லாம் எதற்கு என்று கை துறுதுறுக்கும். இவை தனியாக ஓடும் மென்பொருள்களே இல்லை. மற்ற மென்பொருள்கள் கடன் வாங்கிக்கொள்ளும் நூலகங்கள். 2008-ஐக் கேட்டு எழுதப்பட்ட மென்பொருளுக்கு 2013 ஈடாகாது. நீக்கினால் இன்று ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் கழித்து ஏதோ ஒன்று, ஒரு டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அன்றைக்கு நமக்கு இந்த ஞாபகமே வராது.

இதன் மறுபக்கமும் உண்டு. அடிக்கடி ஓடுவதால் மட்டும் ஒன்று தேவையானதாகிவிடாது. கணினி வாங்கும்போதே தயாரிப்பாளர் போட்டுத் தந்த 'உதவியாளர்' மென்பொருள்கள், ஏதோ ஒன்றை நிறுவியபோது ஒட்டிக்கொண்டு வந்த அப்டேட்டர்கள் ஆகியவை தினமும் தாமாக எழுந்து ஓடும். பிரிஃபெட்ச் ஃபோல்டரில் இவற்றுக்குத்தான் முன்வரிசை. கணினி மந்தமாக இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஓடாத மென்பொருள் வட்டில் இடத்தை அடைக்குமே தவிர, வேகத்தைக் குறைக்காது. மந்தத்துக்குக் காரணம் ஓடிக்கொண்டிருப்பவை. டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்து, தேவையில்லாததை அங்கே நிறுத்தினாலே பாதிப் பேருடைய குறை தீரும். நீக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

அப்படியானால் அரிதாகப் பயன்படுவதை ஏன் நீக்க வேண்டும்? இடத்துக்காக என்பது பழைய பதில். இன்றைய பதில் பாதுகாப்பு. நாம் திறப்பதில்லை என்பதால் புதுப்பிக்கவும் மாட்டோம். புதுப்பிக்காத மென்பொருளின் ஓட்டைகள் ஊரறிந்தவை ஆகிவிடும்.

விண்டோஸில் ஆப்பிளின் வீடியோ மென்பொருளான குயிக்டைம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் அது பல கணினிகளில் இருந்தது. பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். 2016 ஏப்ரலில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் அதில் சரிசெய்யப்படாத இரண்டு ஓட்டைகளை வெளியிட்டது. விண்டோஸ் குயிக்டைமுக்கு இனி திருத்தங்கள் வராது என்பதும் தெரியவந்தது. அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழுவே அதை நீக்கிவிடுங்கள் என்று எச்சரிக்கை விட்டது. நீக்கிவிடலாம் என்று பார்த்தால் அடுத்த சிக்கல்: அடோபியின் வீடியோ மென்பொருள்கள் புரோரெஸ் போன்ற சில வடிவங்களைக் கையாள அந்தக் குயிக்டைமையே நம்பியிருந்தன. படத்தொகுப்பாளர் ஒருவர் குயிக்டைமின் சாளரத்தைக் கண்ணால் பார்த்தே ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் அவர் பிழைப்பு அதன்மேல் நின்றது. திறக்காதது, ஆபத்தானது, தேவையானது ஆகிய மூன்றும் ஒரே மென்பொருளில். எக்ஸ்பியின் எந்தத் தரம் இதைச் சொல்லியிருக்கும்?

அரிதான பகுதி ஒரு மென்பொருளுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கவும் கூடும். வின்ரார் பலருடைய கணினியில் தினப்படி ஓடுவது. 2019 பிப்ரவரியில் செக் பாயின்ட் ஆய்வாளர்கள், அதற்குள் பத்தொன்பது ஆண்டுகளாக இருந்துவந்த ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். அது இருந்தது 'ஏஸ்' என்ற பழைய சுருக்க வடிவத்தைப் பிரிக்கும் ஒரு சிறு நூலகத்தில். வின்ராரை வைத்திருந்தவர்களில் ஏஸ் கோப்பு ஒன்றைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அந்த நூலகத்தின் மூல நிரல் தங்களிடம் இல்லாததால், வின்ரார் தயாரிப்பாளர்கள் அதைத் திருத்தாமல் அடுத்த பதிப்பிலிருந்து அடியோடு எடுத்துவிட்டார்கள். வின்ரார் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் பழக்கம் இல்லாதது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தச் சல்லடை வேலையைச் செய்து தருகிறேன் என்று வரும் துப்புரவு மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் பெயர்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள், தயாரிப்பாளருக்கே தெரியாமல் தீய நிரல் நுழைந்திருந்தது. சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பைக் கணினியில் வைத்திருந்தார்கள். எல்லாத் துப்புரவுக் கருவியும் கெட்டது என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் வேலைக்காக, நிரந்தரமாக இன்னொரு மென்பொருளைக் குடியேற்றுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கையால் செய்வதே நிதானமான வழி. பட்டியலைத் திறந்து, பெயர் தெரிந்து நாமே நிறுவியவற்றை மட்டும் முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட், இன்டெல், ரியல்டெக் போன்ற பெயர்களில் வருபவற்றை முதல் சுற்றில் விட்டுவிடலாம். சந்தேகம் வருவதைப் பிரிஃபெட்ச் ஃபோல்டரில் தேடுங்கள். அங்கும் இல்லையா, எந்தக் கருவியோடு அல்லது எந்த வேலைக்காக அது வந்தது என்று வீட்டில், அலுவலகத்தில் கேளுங்கள். தானாக ஓடுவதை உடனே நீக்காமல் முதலில் ஸ்டார்ட்அப்பில் நிறுத்தி வைத்து, ஒரு மாதம் குறை எதுவும் வருகிறதா என்று பார்க்கலாம். நீக்கும்போது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் ஃபோல்டரை அழிக்காமல், பட்டியலில் உள்ள அன்இன்ஸ்டால் வழியாகவே நீக்குங்கள். காசு கொடுத்து வாங்கியது என்றால் உரிம எண்ணை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நம் அச்சகங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். தமிழில் எத்தனையோ நூல்கள் அதில்தான் பக்கமாகின. இன்று அதைத் திறப்பவர் குறைவு, பட்டியலில் அது முதலில் கண்ணில் படும் பழைய பெயர். ஆனால் அதில் செய்த கோப்புகளை, அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறந்தது; பின்னால் வந்த பதிப்புகள் கைவிட்டுவிட்டன. கூடவே அந்தக் கால எழுத்துருக்களும் வேண்டும், இல்லையென்றால் திறந்தாலும் தமிழ் தெரியாது. ஆகவே அதை நீக்குமுன் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப்பாக எடுத்து வைத்துவிட வேண்டும்; உள்ளடக்கத்தை மறுபடி திருத்த நேரும் என்றால், எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி ஒரு நகலும் வேண்டும். அந்த வேலை முடியும்வரை பேஜ்மேக்கர் அங்கேயே இருக்கட்டும், முடிந்தால் இணையத் தொடர்பு இல்லாத ஒரு பழைய கணினியில்.